காசு நிற்குமா

கார் இல்லாத கார்ஷெட் எங்களுடையது.
பத்தடிக்கு எட்டடி.
சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு சதுரம் போட்டு
இதுக்குள்ள நிக்கிற மெஷினாப் பாருங்க என்றாள் ஜெசிந்தா.
சதுரத்துக்கு வெளியே அவள் ஸ்கூட்டி.

ஏற்காட்டில், அவள் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில்
போன ஐப்பசிக் காற்றுக்குச் சாய்ந்தது ஒரு சில்வர் ஓக்.
மிளகுக்கொடியோடு பாதையில் கிடந்ததை
நாலு துண்டாக்கி, மினி லாரியில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்தேன்.
இரு முனையிலும் பெயின்ட் பூசிக்கொண்டு
ஒன்பது மாதமாகச் சுவரோரம் காய்கிறது.
குறுக்களவு பதினோரு அங்குலம்.
பிரச்சனையே அதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் தஸ்தகீர் பாய் பிரித்துக் காட்டிய பேண்ட்சா
தெர்மாகோல் வாசம் இன்னும் போகாதது.
சிங்கிள் ஃபேஸ். ஒரே ஆள் தூக்கலாம்.
மேசைமேல் ஒரு ரூபாயை விளிம்பில் நிறுத்தி
ஸ்விட்சைப் போட்டார்.
காசு நின்றது.
சக்கரம் சுற்ற, வாள் இறங்கிக்கொண்டே இருக்க,
காசு நின்றுகொண்டே இருந்தது.
நான் டேப்பை நீட்டி அளந்தேன்.
வாளுக்கடியில் நுழைவது ஆறே அங்குலம்.
என் மரத்தில் பாதி வெளியே நின்று
வேடிக்கை பார்க்கும்.

கொண்டலாம்பட்டியில் இன்னொன்று,
பேக்கிங் பெட்டி அடித்து நொடித்த ஒரு ஷெட்டில்.
வார்ப்பிரும்பு. பதினெட்டு அங்குலச் சக்கரம் இரண்டு.
எடை எவ்வளவு என்றேன்.
நாலு பேர், ஒரு பகல் என்றார் சென்னகிருஷ்ணன்.
மேசை இரும்பில் யாரோ ஆணியால் கீறிய கூட்டல் கணக்கு,
விடை தப்பு.
பன்னிரண்டு அங்குலம் தாராளமாக நுழையும்.
என் பங்குக்கு ஒரு காசை நிறுத்தினேன்.
அது மேசையைத் தாண்டிக் குதித்து
மரத்தூளுக்குள் போனது.
தேடவில்லை.

இரண்டு வாரம்
பார்சல் ஆபீஸ் ரசீதுகளின் முதுகில் சக்கரம் வரைந்தேன்.
அந்தப் பணத்துக்கு அஞ்சு மேசை வாங்கலாமே சார்
என்றாள் பக்கத்துக் கவுன்ட்டர் பாரதிப்பிரியா.
கணக்கு சரிதான்.
மேல்வீட்டுக்காரர் லைசென்ஸ் உண்டா என்றார்,
மரக்கடை வைக்கப்போவதாக நினைத்து.

வாங்கியது பழசைத்தான்.
ஏன் என்று கேட்டால் பதினோரு அங்குலம் என்பேன்.
அந்தத் தப்புக் கணக்கும் ஒரு காரணம்.

மோட்டார் மாற்றினேன்.
சக்கரத்து ரப்பரைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டினேன்.
பேரிங், பெல்ட், நாலு காலுக்கும் வாஷர்.
காசு விழுந்தது.
ரசமட்டம் வைத்து ஆப்பு செருகினேன்.
விழுந்தது.
காசு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா என்றாள் ஜெசிந்தா,
பாஸ்புக்கைப் பார்த்தபடி.

ஒரு ஞாயிறு, டீ குடிக்க உட்கார்ந்தபோது
நிறுத்திவைத்த காசு தானாகச் சரிந்தது.
மெஷின் ஓடவே இல்லை.
சூரமங்கலம் லைனில் கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.
ஐம்பத்தெட்டு வேகன்.
டம்ளரில் டீ வட்டம் வட்டமாக நடுங்கியது.
பதினாறு வருஷமாக ஆடுகிற வீட்டில்தான்
தாளித்திருக்கிறோம், தூங்கியிருக்கிறோம்,
பிள்ளைக்குக் காது குத்தியிருக்கிறோம்.

இப்போது வண்டி நேரம் பார்த்து அறுக்கிறேன்.
பதினொன்று இருபதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
கோடு நேராக வருகிறது.
முதல் பலகை இளஞ்சிவப்பாக விழுந்தது,
உள்ளே மீன்செதில் மாதிரி மினுமினுப்போடு.
இரண்டாவதில், கொடி ஏற்ற அடித்திருந்த ஆணி ஒன்று
மரத்துக்குள் மூழ்கிக் கிடந்தது.
வாளில் ஏழு பல் போச்சு.
தஸ்தகீர் பாயிடமே போய்ப் புது வாள் வாங்கினேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

நேற்று ஜெசிந்தா பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்திப் பார்த்தாள்.
நின்றது.
அது தடிமன் ஜாஸ்தி என்றேன்.
இருக்கட்டுமே என்றாள்.

சுண்ணாம்புக் கோடு எந்தக் காலுக்கடியில் போனதோ.
ஸ்கூட்டி வாசலில் நனைகிறது.